பூனை குதிக்காத கோடை

போன கிழமை மகன் சோபாவில் சரிந்து கிடந்தபடி போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் சிரிப்பது புதினமில்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டியதுதான் புதினம். எட்டிப் பார்த்தேன். எங்கோ ஒரு மலைநாட்டில், மொட்டைத் தலையும் சிவப்பு அங்கியுமாகக் கொஞ்சம் பிக்குகள் புழுதி கிளப்பிக் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அங்கியை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு ஓடிப்போய்க் கோல் போட்டார். மற்றவர்கள் அவர்மேல் விழுந்து அமுக்கினார்கள்.

"அப்பா, இஸ் தற் ஈவன் அலவ்ட்?" என்று மகன் கேட்டான்.

மகளும் காதில் செருகியிருந்ததைக் கழற்றிவிட்டுத் திரும்பினாள். "சாமிமார் விளையாடலாமா அப்பா?"

எனக்கு முதலில் ஒரு வாசம்தான் வந்தது. சூடான பிளாஸ்டிக் வாசமும், வெட்டின புல்லின் வாசமும், மூட்டு நோவுக்குப் பூசுகிற தைலத்தின் வாசமும் கலந்த ஒன்று. "அப்பா போயிட்டார், இனி வர மாட்டார்" என்று இரண்டு பேரும் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். உண்மைதான். போய்விட்டேன். போன இடத்தைத்தான் இப்போது உங்களுக்காக எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புத்த சமயத்தைப் பற்றிச் சொல்லித்தர எனக்கு அறிவு போதாது. எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரேயொரு பிக்குவை. அவரும் கொஞ்ச நாட்கள்தான் பிக்குவாக இருந்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் தொழிற்சாலையில் என் பக்கத்து மெசினில் நின்ற மியோ.

ஸ்காபரோவில் இருந்தது அந்தத் தொழிற்சாலை. காருக்குள்ளே பூட்டுகிற பிளாஸ்டிக் சாமான்கள் செய்வோம். கண்ணாடி ஏற்றி இறக்குகிற பொத்தானைச் சுற்றி ஒரு சட்டம் இருக்குமே, அதுதான் என் வேலை. இன்றைக்கும் யாருடைய பழைய வான் வண்டியில் ஏறினாலும் என் விரல் தானாகப் போய் அந்தச் சட்டத்தின் விளிம்பைத் தடவிப் பார்க்கும், பிசிறு இருக்கிறதா என்று. உங்கள் அம்மா அதைக் கண்டால், "இவருக்கு இன்னும் ஷிப்ட் முடியேல்லை" என்பாள்.

தொழிற்சாலைக்குப் பின்னால், வண்டிகள் நிறுத்தும் இடத்துக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், ஒரு துண்டுப் புல்தரை. பழைய லொறி டயருக்குள் கொங்கிறீட் ஊற்றி இரண்டு கம்பம் நட்டு வலை கட்டியிருந்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். மணி அடித்ததும் சோற்றுப் பெட்டியைத் திறந்து, மென்றோமோ விழுங்கினோமோ தெரியாது, வெளியே ஓடுவோம். வொலிபோல். யாழ்ப்பாணத்தான், மன்னாரான், பர்மாக்காரன், பிலிப்பைன்ஸ்காரன் எல்லோரும் ஒரு வலைக்கு இரண்டு பக்கம்.

எங்கள் பகுதி ரீமின் கப்டன் யோகன் அண்ணை. போர்க்லிப்ற் ஓட்டுபவர். பெரிய உடம்பு, பெரிய தொண்டை, பந்து வெளியே போனால் பெரிய கோபம். பந்தை உயர்த்திக் கொடுப்பவன் மன்னாரிலிருந்து வந்த கிளமென்ற். வேதக்காரப் பெடியன், வாய் ஓயாது. நான் றிசேர்வ். பச்சையாகச் சொன்னால் தண்ணீர்ப் போத்தலுக்குக் காவல். யாருக்காவது கால் சுளுக்கினால்தான் எனக்குச் சந்தர்ப்பம். அந்த ரீமில் எல்லோருக்கும் வைரமான கால்கள்.

அடிப்பது மியோ. மெலிந்த, கட்டையான ஆள். பார்த்தால் இவன் வலைக்கு மேலே கையை நீட்டுவானா என்று நினைப்பீர்கள். நின்ற இடத்திலிருந்து எழும்புவான் பாருங்கள், சத்தமே இருக்காது. இறங்கும்போதும் சத்தம் இருக்காது. பெயரும் மியோ, குதிப்பும் அப்படி. கிளமென்ற் முதல் நாளே அவனுக்குப் பூனை என்று பெயர் வைத்துவிட்டான். பர்மாவில் பிரம்பால் பின்னின பந்தைக் காலால் தட்டித் தட்டி நிலத்தில் விழாமல் வைத்திருக்கும் ஒரு விளையாட்டு இருக்கிறது. அதில் வளர்ந்தவன். கைக்கு எட்டாத பந்தைக் குதிக்காலால் பின்பக்கமாக எடுத்து விடுவான். எடுத்துவிட்டு எங்கள் தமிழில் கத்துவான்: "விடாத, விடாத! அடி மச்சான்!" பந்தடிக்கத் தேவையான தமிழ் முழுவதும் அவனுக்குத் தெரியும். அதற்குள் கொஞ்சம் தூஷணமும் இருந்தது. அது கிளமென்றின் உபயம்.

ஒவ்வொரு கோடையிலும் கொம்பனி பிக்னிக் வைப்பார்கள். அன்றைக்குத்தான் கப்புக்கான கடைசி ஆட்டம். கப் என்றால் தங்கமில்லை, நாங்கள் செய்கிற சாமானைப் போல அதுவும் பிளாஸ்டிக். ஆனால் பெயின்ற் பகுதிக்காரர்கள் ஒவ்வொரு வருடமும் அதை வென்று, சாப்பாட்டு அறையில் எங்கள் கண்ணுக்கு நேரே வைத்திருந்தார்கள். யோகன் அண்ணை தேத்தண்ணி குடிக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். அந்த வருடம் மியோ இருந்தபடியால் கப் எங்களுக்குத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். பெயின்ற் பகுதிக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில் மியோவின் தகப்பன் பர்மாவில் இறந்துபோனார். மியோவிடம் அப்போது அகதிப் பத்திரம் மட்டும்தான். போனால் திரும்பி வர முடியாது. ஒருவேளை போய்ச் சேரவே முடியாது. செய்தி வந்த அன்றும் அவன் வேலைக்கு வந்தான். சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே, "அப்பா பினிஷ்" என்று மட்டும் சொன்னான். நான் அவனுடைய பெட்டிக்கும் சேர்த்து ஒட்டுநாடா ஒட்டினேன். என்னுடைய அப்பா ஊரில் கண்ணை மூடியபோது சண்டையில் பாதை பூட்டியிருந்த காலம். எனக்குச் செய்தி வந்து சேர்ந்தபோது எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவும் முடிந்திருந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் அதிகம் சொன்னதில்லை. இப்போதும் அதிகம் சொல்லப்போவதில்லை.

கோடை பிறந்ததும் மியோ தன் விடுமுறை முழுவதையும் ஒன்றாக எடுத்தான். "மொட்டை அடிக்கப் போறன். மொங்க்" என்றான். பர்மாவில் அது வழக்கமாம். ஆண்பிள்ளை கொஞ்சக் காலத்துக்காவது துறவியாக இருக்க வேண்டும். அந்தப் புண்ணியம் பெற்றவர்களுக்குப் போய்ச் சேரும். கொள்ளி வைக்கப் போக முடியாதவன் தகப்பனுக்குச் செய்யக்கூடியது அது ஒன்றுதான். விடுமுறை முடியும் நாளைப் பார்த்தோம். பிக்னிக் அதற்கு உள்ளே விழுந்தது.

யோகன் அண்ணை பதறவில்லை. "உது விரதம் மாதிரித்தானேடாப்பா. கந்தசஷ்டி பிடிக்கிறதில்லையே? பின்னேரம் வந்து விளையாடிப்போட்டுப் போகட்டும்."

"எங்கட தவக்காலம் மாதிரி அண்ணை" என்றான் கிளமென்ற். "ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நான் கந்தசஷ்டிக்கு உபவாசம் இருந்து, சூரன்போர் அன்று கோப்பிக் கடையில் டோனட் வாங்கிக் கடித்த பிறகு நாள் நினைவுக்கு வந்த ஆள். என்னுடைய விரதத்தை வைத்து மற்றவனுடைய விரதத்தை அளந்தேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து யோகன் அண்ணையின் வானில் மூன்று பேரும் கோயிலுக்குப் போனோம். கோயில் என்று கோபுரம் தேடாதீர்கள். வரிசையாக நின்ற செங்கல் வீடுகளில் அதுவும் ஒன்று. வாசலில் செருப்புக் கூட்டம், கராஜ் இருந்த இடத்தில் சாப்பாட்டுக்கூடம், பின்வளவில் தக்காளிச் செடிகள். வெறுங்கையோடு போகக்கூடாதென்று தமிழ்க் கடையில் உளுந்து வடையும் மரக்கறி றோல்ஸும் வாங்கியிருந்தோம். "சாமிமார், முட்டைகூடப் படக்கூடாது" என்று யோகன் அண்ணை கடைக்காரரிடம் மூன்றுதரம் கேட்டு உறுதிசெய்தார். வாசலுக்கு வந்ததும் அவரே வானை விட்டு இறங்கவில்லை.

"நீங்கள் போங்கோ. எனக்கு உந்த உடுப்பைப் பார்க்க ஏலாது."

நாங்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அங்கியைப் பற்றி ஊரிலிருந்து எங்களோடு வந்த நினைவுகள் நல்லவையல்ல. அவரைக் குறை சொல்ல முடியாது. நானும் கிளமென்றும்தான் உள்ளே போனோம்.

உள்ளே ஒரு சிறிய கிழவி, மியோவோடு இங்கே வந்திருந்த அவனுடைய தாய், நிலத்தில் மண்டியிட்டு நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் பீற்றூட் கறியின் நிறத்தில் அங்கி போர்த்துக்கொண்டு, மொட்டைத் தலையோடு, கண்ணைத் தாழ்த்தியபடி இருந்தவன் எங்கள் பூனை.

"தாய் மகனை விழுந்து கும்பிடுறாவடா" என்று கிளமென்ற் என் காதுக்குள் சொன்னான். அவன் குரலில் பகிடி இல்லாததை அன்றைக்குத்தான் முதன்முதல் கேட்டேன்.

தாய் எழும்பி எங்களைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக வெளியே ஓடிப்போனார். போய், வானுக்குள் இருந்த யோகன் அண்ணையைச் சேட்டுக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டே வந்துவிட்டார். அந்தப் பெரிய உடம்பு அந்தச் சின்னக் கைக்குப் பின்னால் வந்ததைப் பார்க்க வேண்டும்.

வடையை நீட்டினோம். மியோ சிரித்துத் தலையாட்டினான். "ஏலாது மச்சான். பகல் பன்னிரண்டு தாண்டினால் சாப்பாடு இல்லை. நாளைக்குக் காலமை வரைக்கும் தண்ணிதான்."

"வடை சைவமடா!" என்றார் யோகன் அண்ணை.

"சைவம் பிரச்சினை இல்லை அண்ணை. மணிதான் பிரச்சினை."

கடைசியில் அந்த வடையை நாங்களே கராஜுக்குள் இருந்து தாய் தந்த தேத்தண்ணியோடு தின்றோம். அங்கே இருந்த பெரிய பிக்கு எங்களோடு வந்து இருந்தார். வயதானவர், இங்கிலிஸ் நிதானமாகப் பேசுவார், சின்ன விஷயத்துக்கும் தோள் குலுங்கச் சிரிப்பார். அவரிடம் நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிள்ளைகளே, நீங்கள் கேட்ட கேள்விக்கு அவர் சொன்ன பதில்தான் என்னிடமுள்ள பதில்.

அவர்களுக்கு விதிகள் நிறைய. கையில் கொடுக்காத எதையும் எடுக்கக்கூடாது. பொய் சொல்லக்கூடாது, பகிடிக்கும் கூடாது. மண்ணைக் கிண்டக்கூடாது, அதனால் தக்காளிக்குப் பாத்தி கட்டுவது அயல் சனங்கள். ஆட்டம் பாட்டம் பார்க்கப் போகக்கூடாது, விளையாடக்கூடாது. உடம்புக்கு நடக்கலாம், நன்றாக நடக்கலாம். சின்ன விதியை மீறினால் இன்னொரு பிக்குவிடம் போய் வாய்விட்டுச் சொல்லிச் சரி செய்துகொள்வார்கள். அடிக்கவும் ஆளில்லை, விரட்டவும் ஆளில்லை. இது தங்களுடைய வழி என்றும், வேறு நாடுகளில் வேறு வழக்கங்கள் இருக்கின்றன என்றும், தான் மற்றவர்களை அளப்பதில்லை என்றும் சொன்னார். ஆகவே கோல் போட்ட அந்தப் பிக்குவை நானும் அளக்க மாட்டேன். அவருடைய சிரிப்பு நல்ல சிரிப்பு.

யோகன் அண்ணை வடையை விழுங்கிவிட்டு விஷயத்துக்கு வந்தார். "தம்பி, நேராச் சொல்லு. பிக்னிக்குக்கு வர ஏலுமோ, ஏலாதோ?"

இந்த இடத்தில் மியோ 'ஏலாது, விதி விடாது' என்று சொல்லியிருக்கலாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லித் தப்பியிருப்போம். நானென்றால் காய்ச்சல் என்றுகூடச் சொல்லியிருப்பேன். அவனுக்குத்தான் பொய் சொல்லக்கூடாதே!

"ஏலும்" என்றான். "இந்த உடுப்பை எப்பவும் கழட்டலாம். ஒரு ஆளுக்கு முன்னால ஒரு வசனம் சொன்னால் காணும். உடனே நான் பழைய மியோ."

பெரிய பிக்கு தலையாட்டினார். கதவு உள்ளே வருபவனுக்கு எவ்வளவு திறந்திருக்கிறதோ, வெளியே போகிறவனுக்கும் அவ்வளவு திறந்திருக்கிறது என்றார். போனவன் திரும்பி வந்து மறுபடி அங்கி கேட்டாலும் கொடுப்பார்களாம்.

"அப்ப என்னடாப்பா!" யோகன் அண்ணை தொடையில் அடித்தார். "காலமை சொல்லு, மத்தியானம் அடி, பின்னேரம் திருப்பிப் போடு!"

மியோ தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கிழமை முழுவதும் யோகன் அண்ணையின் போர்க்லிப்ற் என்னைத் தாண்டிப் போகிற நேரமெல்லாம் ஒரே பாட்டு. "ஒரு வசனமடா! ஒரேயொரு வசனம்!" மியோவின் மெசினில் தற்காலிகமாக ஓர் ஆளைப் போட்டிருந்தார்கள். மத்தியானம் வலைக்கு மேலே பந்து எழும்பும், அடிக்க ஆளில்லாமல் அது தன்பாட்டில் இறங்கும். கிளமென்ற் பழக்கத்தில் பந்தை உயர்த்திவிட்டு "பூனை!" என்று கூப்பிடுவான். பிறகு வாயைப் பொத்திக்கொள்வான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி போனோம். இந்தமுறை பாடம் படித்துக்கொண்டு, பத்து மணிக்கே, சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்புமாக. எங்கள் கெட்டிக்காரத்தனத்தை நாங்களே மெச்சிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால், கராஜுக்குள் வட்டமான கட்டை மேசையில் சுடச்சுடக் கோழிக் கறி.

"அடேய், சாமி கோழி சாப்பிடுதடா!" கிளமென்றுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணை, நீங்கள் முட்டைக்குக் கடைக்காரனை விசாரிச்சியள்."

கொடுப்பதைச் சாப்பிடுவார்களாம். இது வேண்டும், அது வேண்டாம் என்று கேட்பதுதான் கூடாதாம். சனங்கள் எங்கள் கத்தரிக்காயையும் மேசையில் வைத்தார்கள். பிறகு நான்கு பேர் அந்த மேசையை அப்படியே தூக்கினார்கள். பிக்குகள் ஆளுக்கொரு பக்கம் கையால் தொட்டார்கள். அதுதான் கையில் கொடுப்பது. தூக்கின நாலு பேரில் ஒருவர் யோகன் அண்ணை. அவருடைய பலத்தைப் பார்த்து மியோவின் தாய்தான் அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டார். பார்க்க ஏலாது என்று வானுக்குள் இருந்த மனிதர், அந்த அங்கிகளுக்கு முன்னால் மேசையைச் சரியாமல் பிடித்துக்கொண்டு மூச்சடக்கி நின்றார்.

சாப்பாடு முடிந்து பின்வளவுக்கு வந்தோம். வானிலிருந்து கிளமென்ற் பந்தை எடுத்து வந்திருந்தான். யோகன் அண்ணை கெஞ்சத் தொடங்கினார். அவர் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "தம்பி, நான் ஊரை விட்டு வந்து ஒண்டும் வெல்லேல்லையடா. உந்தப் பிளாஸ்ரிக் கோப்பை ஒண்டுதான் கேக்கிறன்."

மியோவின் முகம் மாறியது. அந்தச் சொல் அவனைத் தொட்டுவிட்டது. அவன் வாய் திறக்க முன்னம், என்ன நினைத்தானோ, கிளமென்ற் "பூனை, எடு!" என்று பந்தை அவனை நோக்கி உயர்த்தி விட்டான்.

நல்ல பந்து. கண் மூடிக்கொண்டு அடிக்கக்கூடிய பந்து. நான் மியோவின் காலைத்தான் பார்த்தேன். அங்கிக்குக் கீழே இரண்டு குதிக்காலும் புல்லை விட்டு எழும்பின. உடம்பு முழுவதும் ஒரு கணம் மேலே போகத் தயாராகியது. பிறகு குதிக்கால்கள் மெல்லத் திரும்பிப் புல்லில் பதிந்தன. கைகள் அங்கிக்குள்ளேயே இருந்தன. பந்து வந்து அவன் நெஞ்சில் 'தொப்' என்று பட்டு, விழுந்து, தக்காளிச் செடிகளுக்குள் உருண்டு போனது.

எவனுடைய கையை ஒரு பந்தும் தாண்டிப் போனதில்லையோ, அவன் நெஞ்சில் பந்தை வாங்கிக்கொண்டு நின்றான். அவன் அடித்த எத்தனையோ அடியை நான் பார்த்திருக்கிறேன். இதைப்போல ஒன்றைப் பார்க்கவில்லை.

சமையலறை வாசலில் நின்ற தாய் இதைக் கண்டுவிட்டார். அகப்பையோடு வந்து பர்மாப் பாசையில் எங்களைப் பொரிந்து தள்ளினார்.

"அம்மா என்னவாம்?" என்றான் கிளமென்ற், ஒரு அடி பின்னால் வைத்து.

மியோ யோசித்தான். பொய் சொல்ல முடியாது. "நீங்கள் மூண்டு பேரும் கழுதையளாம்" என்றான். பிறகு, "நீ பெரிய கழுதையாம்" என்று கிளமென்றைப் பார்த்துச் சொன்னான்.

எல்லோருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, தாயைத் தவிர. சிரித்து முடிந்த பிறகு மியோ யோகன் அண்ணையிடம் பேசினான். பாதி இங்கிலிஸும் பாதி எங்கள் தமிழுமாக அவன் சொன்னதை அப்படியே எழுத எனக்குத் தெரியாது. ஏறக்குறைய இதுதான்:

"அண்ணை, எனக்கு விளையாட ஆசை. இரவு படுத்தால் கால் தானாக அடிக்குது. வசனமும் வாயில நிக்குது. ஆனா அம்மா ஒவ்வொரு நாளும் விழுந்து கும்பிடுறா. என்னை இல்லை, இந்த உடுப்பை. உடுப்புக்குள்ள அப்பாவுக்கு நான் குடுக்கிறது இருக்கு. நான் கழட்டி வைச்சுப்போட்டு வந்து விளையாடினால், அவ இவ்வளவு நாளும் கும்பிட்டது ஆரை?"

யோகன் அண்ணை தக்காளிச் செடிகளுக்குள் குனிந்து பந்தை எடுத்தார். செடி முறியாமல் மெதுவாக எடுத்தார். "வாறம் தம்பி" என்று மட்டும் சொன்னார். வானில் வரும்போது ஒருவரும் றேடியோ போடவில்லை.

பிக்னிக்கில் மியோவின் இடத்தில் நின்றது யார் என்று கேட்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். நான்தான். எங்கள் ரீமின் தோல்வியைப் பற்றி அதிகம் எழுதக் கை வரவில்லை. ஒரு பந்தை நான் மூக்கால் தடுத்தேன். அதற்குக் கிடைத்த கைதட்டல்தான் எங்கள் பகுதிக்கு அன்று கிடைத்த பெரிய கைதட்டல். வெயிலும் பாபிகியூப் புகையும் சேர்ந்து எல்லோருக்கும் கண் எரிந்தது. கப்பை வாங்கிக்கொண்டு போன பெயின்ற் பகுதிக் கப்டன் எங்களைக் கடக்கும்போது, "எங்கே உங்கள் மொங்க்? ஆசீர்வாதம் பண்ண வரவில்லையா?" என்று கேட்டுச் சிரித்தான்.

காலையிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்த யோகன் அண்ணை அவனுக்கு முன்னால் போய் நின்றார். அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் கையைப் பிடித்தேன். அவர் தாழ்ந்த குரலில்தான் பேசினார். "கப்பைக் கொண்டு போ. அவனைப் பற்றிப் பகிடி கதையாதே." அவருடைய இங்கிலிஸில் அவ்வளவு சரியாக வேறெதையும் நான் கேட்டதில்லை. அவன் 'சொறி' சொல்லிவிட்டுப் போனான்.

விடுமுறை முடிந்து மியோ வேலைக்கு வந்தான். தலையில் முள்முள்ளாக மயிர் கிளம்பியிருந்தது. மெசின் முன்னால் நின்றதும் சாமானைத் தூக்கி வெளிச்சத்தில் பிசிறு பார்த்தான், ஒன்றும் நடக்காதவனைப் போல. மத்தியானம் வலையடியில் யோகன் அண்ணை பந்தோடு நின்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "சாமி, இப்ப அடிக்கலாமோ?" என்று யோகன் அண்ணை கேட்டார்.

"ஓமண்ணை. இப்ப நான் சும்மா ஆள்."

அந்த முதல் பந்துக்கு அவன் எழும்பினான். நான் தண்ணீர்ப் போத்தலோடு நின்று பார்த்தேன். காலடியில் சத்தமே இல்லை.

அடுத்த கோடையில் யோகன் அண்ணையின் தாய் ஊரில் காலமானார். அவராலும் போக முடியவில்லை. வோபர்னில் அவருடைய அப்பார்ட்மென்றில் படத்துக்கு மாலை போட்டு விளக்கேற்றியிருந்தார்கள். மியோ காலையிலேயே வந்தான். பகல் பன்னிரண்டுக்கு முன்னம் கொடுக்க வேண்டும் என்று ஓடிவந்து, மூச்சிரைக்க, ஒரு பெரிய பாத்திரத்தை யோகன் அண்ணையின் இரண்டு கையிலும் வைத்தான். தாய் செய்து அனுப்பிய நூடில்ஸ். மூடியைத் திறந்ததும் வீடு முழுவதும் மீன் வாசம். செத்த வீட்டில், எட்டுச் செலவுக்கு முன்னம்! யோகன் அண்ணையின் மனைவி என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். யோகன் அண்ணை பாத்திரத்தை மடியில் வைத்து, மியோ எழும்பிப் போகும் வரைக்கும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு அதைக் கிளமென்ற் வானுக்குள் இருந்து சாப்பிட்டு முடித்தான். அம்மாவின் கைப்பக்குவம் நல்லதாம்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும் வரைக்கும் யோகன் அண்ணை வலைப்பக்கம் வரவில்லை. பிக்னிக் அதற்குள் வந்து போனது. 'ஒரு மணித்தியாலம் வந்துபோட்டுப் போங்கோ அண்ணை' என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவருடைய இடத்தில் நின்று மியோ கப்டனாக விளையாடினான். கப் வென்றோமா என்று கேட்பீர்கள். இல்லை. நான் மறுபடியும் விளையாட வேண்டி வந்ததே!

பிறகு அந்தத் தொழிற்சாலை பூட்டப்பட்டது. மெசின்களைக் கழற்றி வேறு நாட்டுக்கு அனுப்பினார்கள். புல்தரை இருந்த இடத்தில் இப்போது சாமான் சேமிக்கிற அறைகள் வரிசையாக நிற்கின்றன. யோகன் அண்ணை காலமாகிவிட்டார். கிளமென்ற் ரெக்ஸ்டேல் பக்கம் போய், அங்கிருந்து எங்கோ போனான். மியோ வேலை தேடி மேற்கே அல்பேட்டாவுக்குப் போனதாகக் கேள்வி. போன் இலக்கம் மாறிவிட்டது. அந்தச் செங்கல் வீட்டையும் விற்றுவிட்டு, கோயிலை நகரத்துக்கு வெளியே பெரிய கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

நான் இப்போது வேலை செய்கிற களஞ்சியம் ரூஜில் எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தான். இங்கேயும் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். எல்லோரும் அவரவர் காருக்குள் போய் இருந்து போனைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். நானும்தான். ஆட்களை ஏஜென்சி அனுப்பும். ஒருவர் வராவிட்டால் அதே நிறச் சட்டையில் இன்னொருவர் வருவார்.

போன மாதம் என் பக்கத்தில் பெட்டி அடுக்கிய ஒருவர் திடீரென்று வராமல் விட்டார். நல்ல மனிதர். சாமானைத் தூக்கும்போது எனக்கு முதுகு நோகும் என்று பாரமான பக்கத்தைத் தான் எடுப்பார். ஏன் வரவில்லை என்று சுப்பர்வைசரிடம் கேட்டேன். யாரைக் கேட்கிறாய் என்றார். நான் சொல்ல வாய் திறந்தேன். எனக்கும் அவர் பெயர் தெரியாது. வீடு எந்தப் பக்கம் என்று மற்றவர்களைக் கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் தெரியவில்லை.